தண்ணீர் குடிக்காத கார்
சூடேறி நின்றுவிட்டால் என்ன செய்வது?

மெக்சிகோ நகரத்தின் வட கோடியில் குவாத்தெபெக் என்று ஒரு குன்றுப் பகுதி இருக்கிறது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் மலைச் சரிவெங்கும் அடைந்து கிடக்கின்றன. தெருக்களோ செங்குத்து. வெறுங்கையோடு நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். 2020-களிலும் அந்தத் தெருக்களில் ஆள் ஏற்றிக்கொண்டு "கடகட" என்று ஏறிக்கொண்டிருக்கின்றன, ஆமை ஓடுபோல் முதுகு வளைந்த சின்னஞ்சிறு டாக்சிகள்.

மெக்சிகோக்காரர்கள் அதைச் செல்லமாக "வோச்சோ" என்பார்கள். பிரேசிலில் அதற்கு "புஸ்கா" என்று பெயர். உலகம் முழுவதும் தெரிந்த பெயர் வோக்ஸ்வாகன் பீட்டில், அதாவது வண்டு.

ஜெர்மனியில் பெர்டினாண்ட் போர்ஷே வகுத்த கார் அது. யுத்தம் முடிந்த 1945-ம் ஆண்டு, குண்டு விழுந்து சிதைந்திருந்த தொழிற்சாலையை பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் மீண்டும் ஓட வைத்தார். அதன்பிறகு அந்த வண்டு பறக்காத நாடு இல்லை. 1972-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, போர்டு "மாடல் டி" காரின் உற்பத்திக் கணக்கை அது மிஞ்சியது. கடைசி வண்டி 2003-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி மெக்சிகோவின் புவெப்லா நகரில் வெளிவந்தது. அதுவரை செய்த மொத்த வண்டிகள் 2 கோடியே 15 லட்சத்து 29 ஆயிரத்து 464.

ஆகவே இன்று ஓடுகிற வண்டு ஒவ்வொன்றும் பழைய வண்டிதான். பழைய வண்டி என்றால் சூடேறும். சூடேறிய என்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு மட்டும் அல்ல. அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் மனிதர் காட்டும் அவசரமும்தான்.

காற்றுதான் தண்ணீர்

இந்தக் காரில் ரேடியேட்டர் கிடையாது. என்ஜின் பின்பக்கம் இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி மீன் செவுள்போல் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள். மோட்டார் சைக்கிள் என்ஜினில் அவற்றை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட கார் என்ஜினுக்கு அது ஏது? அதற்காக ஒரு விசிறி வைத்தார்கள். டைனமோவின் ஒரு முனையில் பெல்ட் ஓடும். மறு முனையில் விசிறி இருக்கும். என்ஜினைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் அது சுழன்று, காற்றை அள்ளிச் சிலிண்டர்கள் மேல் கொட்டும். காற்று கண்டபடி ஓடிவிடாமல் இருக்க, சுற்றிலும் தகரக் கவசம். மீதிச் சூட்டை எண்ணெய் சுமக்கிறது. எண்ணெயின் அளவு மொத்தமே இரண்டரை லிட்டர்.

உறையாது, கொதிக்காது, ஒழுகாது. 1941 முதல் 1943 வரை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் ராணுவம் ஓட்டிய "கியூபல்வாகன்" வண்டியில் இருந்ததும் இதே ஜாதி என்ஜின்தான்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. தண்ணீர்க் கார் சூடேறினால் ஆவி விட்டு ஊரைக் கூட்டும். காற்றுக் கார் கூச்சல் போடாது. அதன் முகப்பில் சூடு காட்டும் முள்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டே வெந்துபோகும்.

சிவப்பு விளக்கு

டைனமோவும் விசிறியும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன என்று பார்த்தோம். பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும். உடனே சிவப்பு விளக்கு எரியும். மற்றக் கார்களில் அந்த விளக்குக்கு, "பாட்டரி சார்ஜ் ஏறவில்லை, வீடு போய்ப் பார்த்துக்கொள்" என்று பொருள். வண்டில் அப்படி அல்ல. "விசிறி நின்றுவிட்டது, இந்த நிமிடமே நிறுத்து" என்று பொருள்.

இது தெரியாமல் என்ஜினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. "இன்னும் இரண்டு கிலோ மீட்டர்தானே!" என்று ஓட்டுவார்கள். பெல்ட்டின் விலையோடு முடிய வேண்டிய காரியம், நான்கு பிஸ்டன், நான்கு சிலிண்டர், இரண்டு ஹெட் என்று வளரும். ஒரு டாக்சிக்காரருக்கு அது எத்தனை நாள் சம்பாத்தியம் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

விளக்கு எரியாமலும் சூடேறலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. மேட்டில் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சில்லறை குலுக்கினாற்போல் "கிணிகிணி" என்று தட்டும். எண்ணெய் தீயும் வாடை வரும். ஐடிலில் எண்ணெய் விளக்கு மினுக்கும். சாவியைத் திருகி அணைத்த பிறகும் என்ஜின் இரண்டு மூன்று தடவை உதறிவிட்டுத்தான் நிற்கும்.

நின்ற இடத்தில்

பெல்ட் அறுந்திருந்தால் அக்கணமே அணைத்துவிட வேண்டும். பெல்ட் ஓடுகிறது, விசிறியும் சுற்றுகிறது, ஆனால் சூடு மிகுந்திருக்கிறது என்றால் பாரம் இல்லாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடலாம். அந்தக் காற்று சூட்டை இறக்கும். பிறகு அணைத்துவிட்டுப் பின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றலாமா? கூடவே கூடாது. பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை மேலே கொட்டுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொட்டுகிறார்கள். ஆனால் பழுத்துக் கிடக்கும் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும். கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருப்பதுதான் வழி. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

காத்திருக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் குழாய் கசிகிறதா? சூட்டில் வெந்து வெந்து ரப்பர் குழாய் நொறுங்கிப் போயிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. இந்த என்ஜினின் வயிற்றுப் பகுதி மக்னீசியக் கலவை. அது தீப்பிடித்தால் கண் கூசும் வெளிச்சத்தோடு எரியும்; தண்ணீரால் அணைப்பதும் கடினம். பெட்ரோல் வாடை வந்தால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் குழாயை மாற்ற வேண்டும்.

கிளம்ப மறுத்தால்

"என்ஜின் போச்சு!" என்று தலையில் கை வைக்கும் பலருக்கு உண்மையில் என்ஜின் போயிருக்காது. சூட்டில் கிளம்பாத வண்டியெல்லாம் கெட்ட வண்டி அல்ல.

சாவியைத் திருகினால் "டிக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. இது ஸ்டார்ட்டரின் குறை. ஸ்டார்ட்டர் வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டரியிலிருந்து முன்பக்கத்துச் சாவிக்குப் போய், மறுபடி பின்பக்கம் திரும்பும் நீண்ட கம்பியில் மின்சாரம் இளைத்துப் போகிறது. ஆறியதும் தானே வேலை செய்யும். நடுவில் ஒரு ரிலே போட்டால் தொல்லை தீரும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்பைப் பார்க்க வேண்டும். அது என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடி நின்ற சூட்டில் உள்ளே இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பு தள்ளாது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிச் சற்றுப் பொறுத்தால் பெட்ரோல் வந்துவிடும். தண்ணீர் ஊற்றாதே என்று சொன்னது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும். பம்புக்கு ஈரத்துணி ஒன்றும் செய்யாது.

பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை என்றால் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் காயில்கள் உண்டு. டிஸ்டிரிபியூட்டரில் உள்ள கன்டென்சரும் இப்படிக் கண்ணாமூச்சி ஆடும். இவை அற்பச் செலவில் தீரும் கோளாறுகள்.

ஒன்று மட்டும் வேண்டாம். வண்டி லேசானது, நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். ஆனால் இறுகி நின்ற என்ஜினைத் தள்ளிக் கிளப்பினால், பிஸ்டன் சிலிண்டர் சுவரை உழுதுவிடும்.

ஆறிய பிறகு

நன்றாக ஆறியதும் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வண்டியோடு தந்த கருவிகளில் 21 மில்லிமீட்டர் பிளக் ஸ்பானர் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் அதே ஸ்பானர் டைனமோ புல்லியின் நட்டுக்கும் பொருந்தும். என்ன சிக்கனமான மூளை! அதைப் போட்டுச் சுற்றினால் பெல்ட் வழியாக என்ஜினும் சுற்றும். பெல்ட் அறுந்திருந்தால் கிராங்க் ஷாப்ட் புல்லியின் 30 மில்லிமீட்டர் போல்ட்டைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

இரண்டு சுற்று சுற்றினால் கைக்கு நான்கு தடவை எதிர்ப்பு தெரிய வேண்டும். சிலிண்டருக்கு ஒன்று. நான்கும் ஒரே மாதிரி இருந்தால் பாதி பயம் போயிற்று. ஒன்று "புஸ்" என்று இளகினால் அந்தச் சிலிண்டரில்தான் நோய். கரகரவென்று உரசினால் மேற்கொண்டு சுற்ற வேண்டாம்.

அடுத்து நான்கு பிளக்குகளையும் வரிசை மாறாமல் கழற்றி வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்து வரும். அதற்காகவும்தான் ஆற விடுவது. பிளக்கின் மூக்கு காப்பிப் பழுப்பாக இருந்தால் நலம். வெளிறிப் போயிருந்தால் அந்தச் சிலிண்டர் வெந்திருக்கிறது. வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்திருக்கிறது. அப்படியானால் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பிறகு எண்ணெய். அளவுக்கோலை உருவி முகர வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது. நீர்த்துப்போன எண்ணெய் சூட்டைச் சுமக்குமா? தீய்ந்த வாடை என்றால் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்துவிட்டது. கீழே வடிகட்டித் தட்டைத் திறந்து, சலித்த வலையைப் பார்க்க வேண்டும். மினுமினுக்கும் செதில்கள் கிடந்தால் பேரிங்குகள் அடி வாங்கியிருக்கின்றன. கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாலும் அது தெரியும். அந்த ஆட்டத்துக்கு எல்லை 0.15 மில்லிமீட்டர்தான். கைக்கே "டொக் டொக்" என்று தட்டுப்பட்டால் எல்லை எப்போதோ தாண்டிவிட்டது.

மூன்றாவது சிலிண்டர்

இந்த என்ஜினில் கெட்டுப்போவதற்கென்றே பேர் வாங்கிய ஒரு சிலிண்டர் உண்டு. இடது பக்கம், முன்னால் இருப்பது. மூன்றாம் நம்பர்.

அது செய்த பாவம் என்ன? பழைய வண்டிகளில் எண்ணெயை ஆற்றும் கூலர், விசிறிக் கூட்டுக்குள்ளேயே இடப்பக்கம் நிற்கும். விசிறிக் காற்று அதன் வழியாகப் புகுந்து, எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொண்டு, அந்தச் சுடு காற்றாகவே மூன்றாம் சிலிண்டருக்கு வந்து சேரும். மற்றவர்களுக்கு விசிறிக் காற்று. இதற்கு அடுப்புக் காற்று! கம்பெனிக்கும் இது தெரியும். சில டிஸ்டிரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் பொறி சற்றுத் தாமதமாக விழும்படி அமைத்தார்கள். பிறகு 1971-ம் ஆண்டு மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூட்டுக்குத் தள்ளி வைத்து, அதன் சுடு காற்றை வெளியே போக்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வண்டிகளில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இன்றும் அந்தப் பாவத்தைச் சுமக்கிறது.

சூட்டில் வால்வின் தண்டு மெல்ல நீளும். நீண்டால் அதற்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குறையும். 1500, 1600 என்ஜின்களில் அந்த இடைவெளி, குளிர்ந்த நிலையில், 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சூடேறிய வண்டியில் எல்லா வால்வுகளையும் அளந்து எழுதி வைப்பது புத்திசாலித்தனம். எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்று சரிசெய்த இடைவெளி ஐந்நூறு கிலோ மீட்டரில் மறுபடி இறுகினால், மறுபடியும் சரிசெய்துவிட்டு ஓட்டுவது அறியாமை. வால்வின் தலை கழன்று விழும் நாள் நெருங்குகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. விழுந்தால் பிஸ்டனைப் பிளந்துவிடும். முன்கூட்டியே ஹெட்டைக் கழற்றினால் ஒரு வால்வோடு போகும்.

(1990-களில் மெக்சிகோவில் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த இடைவெளியைக் கையால் வைக்கும் வேலை கிடையாது. இங்கே சொல்வது கார்புரேட்டர் வண்டிகளுக்கு.)

சந்தேகம் தீரவில்லை என்றால் கம்ப்ரஷன் அளந்து பார்க்கலாம். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பது நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் தெரிந்த வித்தை. ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. ஆனால் இங்கே சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. எண்ணெய் அடியில் தேங்கிவிடும். அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காது கொடுப்பது மேல். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் மற்ற வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டனும் ரிங்கும். ஹெட்டின் ஓரத்திலேயே சீறினால், ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் மக்னீசியத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

உண்மைக் குற்றவாளி யார்?

கெட்டதைக் கண்டுபிடித்துவிட்டோம். அதை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த மாதம் அதே மேட்டில் அதே இடத்தில் வண்டி நிற்கும். சூடேறியது ஏன்?

பெரும்பாலும் விடை அற்பமாக இருக்கும். துடைத்துவிட்டு மறந்துபோன பழந்துணி, விசிறியின் வாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். எலி கட்டிய கூடு உள்ளே இருக்கும். கூலரின் இடுக்குகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிமண்போல் அடைத்திருக்கும். விசிறிக் கூட்டைத் தூக்கிப் பார்த்தாலொழிய இது வெளியே தெரியாது.

இன்னொரு குற்றவாளி, பழைய பட்டறைக்காரர். என்ஜினை முன்பு பிரித்தவர், சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் தகரத் தகடுகளை "இது எதற்கு, வேண்டாத சனியன்!" என்று மூலையில் எறிந்திருப்பார். அவை இல்லாவிட்டால் காற்று சிலிண்டரைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே கீழே ஓடிவிடும். சிலிண்டரின் அடிப்பாதி வேகும். அதேபோல் என்ஜின் அறையின் ஓரம் முழுவதும் ஒரு ரப்பர்ப் பட்டை ஓடும். கீழே சுடு காற்று, மேலே குளிர் காற்று. இரண்டுக்கும் நடுவே அந்தப் பட்டைதான் வேலி. அது கிழிந்தால், தான் விட்ட சுடு மூச்சையே என்ஜின் மீண்டும் உள்ளே இழுக்கும். பார்க்க அழகாக இல்லை என்று தகரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் மூடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அழகுக்கு விலை உண்டு!

வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. சூடேறினால் விரிந்து, விசிறிக் கூட்டின் கதவுகளைத் திறக்கும் துருத்தி அது. பழுதானாலும் விரிந்த நிலையிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கும். ஆகவே துருத்தியைவிட, இடையில் உள்ள கம்பியும் கதவும் துருப்பிடித்து மூடிய நிலையில் மாட்டிக்கொண்டனவா என்று பார்ப்பதுதான் தேவை.

டைமிங் முந்தியிருந்தாலும் சூடேறும். கார்புரேட்டருக்குக் கீழே காற்று கசிந்து, பெட்ரோல் குறைந்த கலவை போனாலும் சூடேறும். எல்லாம் சரியாக இருந்து, ஓட்டுகிறவர் கையில் கோளாறு இருப்பதும் உண்டு. மேட்டில் மூன்றாம் கியரிலேயே திணறத் திணற ஏற்றுகிறவர், பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும்? பாரம் மிகுதி, காற்று குறைவு. கியரை இறக்கினால் சத்தம் கூடும், சூடு குறையும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றே ஐந்தில் ஒரு பங்கு இளைத்தது. குவாத்தெபெக் மேட்டில் வோச்சோ கத்திக்கொண்டு ஏறுவது சும்மா அல்ல.

கடைசியாக, பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் டைனமோவின் பேரிங் தேயும். டைனமோ புல்லி இரண்டு பாதிகளால் ஆனது. நடுவே வட்ட வட்டமான மெல்லிய வளையங்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் பாதிகள் நெருங்கும். பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த வளையத்தைத் தூக்கி எறியாமல் புல்லிக்கு வெளியே, நட்டுக்கு அடியில் போட்டு வைக்க வேண்டும். அடுத்த புது பெல்ட்டுக்கு அது வேண்டியிருக்கும். பழகிய கைக்கு, பெல்ட் மாற்றுவது பத்துப் பதினைந்து நிமிட வேலை. உபரி பெல்ட் ஒன்றும் அந்த 21 மில்லிமீட்டர் ஸ்பானரும் முன் பெட்டியில் இருக்கிறதா என்பதே கேள்வி.

எல்லாம் சரிசெய்து புது எண்ணெய் ஊற்றியாயிற்று. சோதனைக்கு ஒரு மேடு ஏறிப் பார்க்க வேண்டும். மேட்டின் உச்சியில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, எண்ணெய் அளவுக்கோலை உருவி, அதன் நுனியை மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள் பழைய வண்டுக்காரர்கள். விரலால் பிடித்திருக்க முடிந்தால், ஏறி உட்கார்ந்து மேலே போகலாம். "ஸ்..." என்று கையை உதறினால், இன்னும் எங்கோ ஒரு தகரம் பாக்கி இருக்கிறது. மறுபடியும் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.